முந்திக்கொண்ட டிக்

துரை இப்போது கட்டும் வெப்சைட்டுகள் மந்தம் என்று ஆபீஸில் முணுமுணுப்பார்கள். பொத்தானை அமுக்கினால் சக்கரம் சுற்றும். சர்வர் வாயைத் திறந்து 'சரி' என்ற பிறகே பச்சை டிக் வரும். இவனுக்கா அண்ணன் 'அவசரக்குடுக்கை' என்று பேர் வைத்தான் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பேர் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்பா இருந்த முதியோர் இல்லத்துக்கு அவன் ஒரு பக்கம் செய்து கொடுத்தான். பிள்ளைகள் போனில் எழுதி அனுப்பினால் பெரியவரின் அறைத் திரையில் வரும். அவர் பதில் சொன்னால் நர்ஸ் தட்டி அனுப்புவாள். அமுக்கிய கையோடு டிக் விழுந்துவிடும், செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்காது. எழுதியதைச் சர்வருக்குப் புரிகிறபடி கட்டிக் கொடுக்க பிரவுசரிலேயே வழி உண்டு. துரைக்கு அதற்குப் பொறுமை இல்லை. முன்னும் பின்னும் தானே மேற்கோள் குறி ஒட்டி அனுப்பினான். ஒரே வரியில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தான், போனது. அத்தோடு சரி.

அப்பாவும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. ஏன் என்று கேட்டால் இருவருக்கும் கோபம் வரும், காரணம் வராது. படுக்கையில் விழுந்த பிறகு அப்பா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பெரியவன் ஏதாவது எழுதினானா என்று வாய்விட்டே கேட்டார். இவன் அண்ணனிடம் கெஞ்சினான். எழுதியாச்சு, டிக்கூட வந்தது என்றான் அண்ணன். திரையில் ஒன்றும் இல்லை. இவன் நம்பவில்லை; மேலே கேட்கவும் இல்லை. தான் கட்டிய பக்கத்தைவிட அண்ணனைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

அப்பா கண்ணை மூடினார். அடக்கத்தன்று துரை எல்லார் முன்னாலும் அண்ணனைக் கல்நெஞ்சுக்காரன் என்றான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பிறகு ஒருநாள் இல்லத்திலிருந்து புகார் வந்தது. ஒரு பெண் தன் அம்மாவுக்கு எழுதியது போய்ச் சேரவில்லையாம். உட்கார்ந்து பார்த்தான். எழுதும்போது நடுவில் என்டரைத் தட்டியிருக்கிறாள். இவன் ஒட்டிய குறிகளுக்கு நடுவே புது வரி வந்தால் சர்வரால் படிக்க முடியாது. முடியாது என்று அது சொல்லத்தான் செய்தது, கேட்கத்தான் ஆளில்லை. செய்தி அப்படியே குப்பைக்குப் போனது.

ரெண்டு வார்த்தை எழுதினாலும் அண்ணன் முதலில் 'அன்புள்ள' என்று கூப்பிட்டு, அடுத்த வரிக்குப் போய்த்தான் விஷயத்துக்கு வருவான். அதைக் கிண்டல் செய்தே வளர்ந்தவன் இவன்.

அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"அன்னிக்கு அப்பாவுக்கு என்னண்ணே எழுதின?"

"நேர்ல வரட்டுமான்னு கேட்டிருந்தேன்டா. டிக் விழுந்துச்சு, பதில் வரல. நான் வர்றது அவருக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுத்தான் வரல."