நான் பூர்த்தி செய்த இரண்டு விண்ணப்பங்கள்

பள்ளி அரங்கில் இசை நாடகம் மூன்று மணிக்கு என்று அச்சிட்டிருந்தார்கள். திரை விலகியபோது மூன்று இருபத்திரண்டு. பக்கத்தில் இருந்த தங்கையிடம் சொன்னேன். "சும்மா இருங்கண்ணே" என்றாள்.

மேடையில் இருந்தது எங்கள் குடும்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, கொடைக்கானலில் ஒதுங்கியவர்கள் நாங்கள். உள்நாட்டுப் போரில் சிக்கிய குடும்பத்தின் கதை வேண்டும் என்று நாடக ஆசிரியை நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு மூன்று நாள் வந்து கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னேன். துறைமுகத்தில் அக்காவை எங்களிடமிருந்து ராணுவம் பிரித்தது என்றேன்.

அன்று துறைமுகத்தில் ராணுவத்தார் யாரும் எங்களைத் தொடவில்லை. அக்கா அங்கே வரவேயில்லை.

எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். இந்தியாவுக்குத் திரும்ப முப்பத்தாறு குடும்பங்களுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறேன். விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரு குடும்ப அட்டை, அட்டை ஒன்றுக்கு இங்கே ஒரு வீடு கிடைக்கும் என்று பேச்சு. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் பெயரை எங்கள் விண்ணப்பத்தில் சேர்க்காமல், மாப்பிள்ளையோடு தனிக் குடும்பமாக எழுதினேன். இரண்டு அட்டை, இரண்டு வீடு. என் கெட்டிக்காரத்தனத்தை அப்பா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அக்காவுக்கு மனமில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி நான்தான் அதட்டினேன்.

எங்கள் முறை வந்தது, ஆறு பேர் வந்தோம். அவர்கள் முறை வருவதற்குள் கப்பலே நின்றுவிட்டது. கலவரத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். போர் அங்கே வந்தது. அக்காவிடமிருந்து பதினான்கு கடிதங்கள் வந்தன. அதன்பின் ஒன்றும் இல்லை.

மேடையில் அக்காவாக நடித்த பெண்ணைத் துப்பாக்கி ஏந்திய நான்கு மாணவர்கள் இழுத்துப் போனார்கள். தம்பியாக நடித்தவன் அவள் கையை விடாமல் ஏழு நிமிடம் பாடினான். சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

தங்கை என் காதருகே குனிந்தாள். "பதினொரு பாட்டு போட்டுட்டாங்க. ஃபாரம் நெரப்புனதுக்கு ஒரு பாட்டு இல்லையேண்ணே?"

நாடகம் முடிந்ததும் ஆசிரியை ஒலிவாங்கியில் என்னை மேடைக்கு அழைத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"போங்க. இப்பவாச்சும் சொல்லிருங்க" என்றாள் தங்கை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒன்பது படி ஏறினேன். சால்வை போர்த்தினார்கள். அக்காவாக நடித்த பெண் கண் மை கரைய என் முன்னால் வந்து நின்றாள்.

"தாத்தா, எல்லாம் கரெக்டா பண்ணினோமா? மிஸ்டேக் இருந்தா சொல்லுங்க தாத்தா, ப்ளீஸ். அடுத்த மாசம் மதுரையில போடுறோம்."

ஒலிவாங்கி என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எல்லாம் சரிதாம்மா" என்றேன்.

வெளியே பனிமூட்டம். தங்கை எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நாயுடுபுரம் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று, "மதுரையிலயும் ராணுவந்தான் பிரிக்குமாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.