பல்லக்கடியில் தலை சுற்றியவர்

அந்தப் பல்லக்குத் தூக்கறவர் குடிச்சுட்டு விழுந்தார்னா சொன்னா உன் மாமியார்? போடி கோமளா, பக்கத்தாத்துல இருந்துண்டு அவளுக்கு என்ன தெரியும்! வெள்ளைக்காரன் காலம், நான் ஸ்ரீரங்கத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதுசு. வீதிப் புறப்பாட்டுல பெருமாளைத் தோள்ல தூக்கறவர் அவர், பேர் தெரியாது. நல்ல ஒசரம். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தித் தோள்ல தேங்காமூடியாட்டம் காய்ப்பு. நின்னா அதைத் தடவிண்டே இருப்பார், குழந்தையைத் தட்டிக்கொடுக்கற மாதிரி.

அன்னிக்கு எங்காத்து வாசல்ல பல்லக்கு வரச்சே தள்ளாடினார். மத்தவா தண்டைத் தாங்கிண்டா, இவர் படியில சரிஞ்சுட்டார். "என்ன ஓய், காலம்பறவே கள்ளுக்கடையா?"ன்னான் ஒருத்தன். வீதியே சிரிச்சுது. இவர் தலையே நிமிரலை.

நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில ஒரு வாசனையும் இல்லை. மெதுவாச் சொன்னார்: "தோள்வலி தாங்கலைம்மா. திருச்சினாப்பள்ளி கடைவீதியில வலிக்கு மாத்திரை வாங்கினேன். வெறும் வயித்துல ரெண்டு போட்டுண்டேன், தலை கிறுகிறுன்னு சுத்தறது."

"அதை அவாகிட்டச் சொல்லிடுங்கோளேன், மாமா!"

"வேண்டாம்மா. வலிக்கறதுன்னு சொன்னா பெருமாள் கனக்கறார்னு ஆயிடும். அதுக்குக் குடிகாரன்னே இருந்துட்டுப் போறேன். நீயும் சொல்லாதே."

அப்புறம் கோயில்ல அவரைப் பல்லக்குப் பக்கமே விடலை. வெளியில வந்தாத் துண்டால காய்ப்பை மூடிண்டு சுவரோரமா நடப்பார். நானும் இத்தனை வருஷமா வாயைத் திறக்கலை. திறந்திருந்தா மானம் திரும்பியிருக்குமா, இல்லை, பெருமாள் கனக்கலைன்னு அவர் கட்டிக் காத்ததும் போயிருக்குமா? இன்னிவரைக்கும் புரியலைடி. இரு, இரு, காக்கா வடாத்தைக் கொத்தறது!