டைகர் ஏன் மெலியவில்லை

எங்கள் டைகருக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது. அண்ணன் கட்டாருக்குப் போய் ஒரு வருடம் முடியுமுன்னே அது காணாமல் போய்விட்டது. அப்பாவின் தோணி கரையைத் தொடுமுன்னே வாவிக்குப் பாய்ந்து போய் நிற்கும் நாய், பாதி வழியில் பூவரச மரத்தடியில் படுத்துக்கொண்டு வாலை மட்டும் ஆட்டத் தொடங்கியது. அப்போது எனக்குப் பத்து வயது. அது அண்ணனின் நாய். அவர் வரும்வரை அது என் பொறுப்பு என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஒருநாள் அது வாசற்படி ஏற முடியாமல் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. அப்பாவும் நானும் ஓட்டோவில் ஏற்றிச் செங்கலடிக்குக் கொண்டுபோனோம். மாட்டு டாக்குத்தர் அதன் விலா எலும்பைத் தடவித் தேடினார். கிடைக்கவில்லை.

"நாய்க்கு ஒரு நோய் வருத்தமுமில்ல. நீங்கதான் அதுக்கு வருத்தம். இப்பிடியே சாப்பாடு தீத்தினா நெஞ்சு தாங்காது, செத்துப் போயிரும்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்றோடு அப்பா மீன்தலையை நிறுத்தினார். நான் பிஸ்கட்டை நிறுத்தினேன். அது என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அம்மாவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு மாதம் கழிந்தும் டைகர் கொஞ்சமும் இளைக்கவில்லை.

பட்டினி கிடக்கிற நாய் எப்படிக் கொழுக்கும்? எனக்கு மண்டை காய்ந்தது. அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டு வேலியில் நாய் நுழையும் பொட்டு ஓட்டையை ஓலை வைத்து அடைத்தேன். பலனில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் முழுக்க அதன் பின்னாலேயே திரிந்தேன். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு எழும்பியதும், அம்மா ஒரு பீங்கான் நிறையச் சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலையில் அடுப்படியில் போய் நின்றேன். ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி என்பது அம்மாவின் அளவு. பழைய பால்ரின் ஒன்றுதான் எங்கள் சுண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அளந்து சட்டியில் போட்டார்.

"அம்மா, பிழையா அளக்கிறீங்க. நாம மூணு பேர்தானே. மிஞ்சிற சோத்தைத்தான் அவன் தின்னுறான்."

அம்மா சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மகள், கைப்பழக்கம்" என்று சொல்லி, ஒரு சுண்டை அள்ளித் திரும்பவும் அரிசிப் பானைக்குள் கொட்டினார்.

டைகர் மெலிந்தது. தைப்பொங்கலுக்குள் தோணியைக் கண்டதும் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அண்ணன் வீடியோ கோல் எடுத்தபோது துப்பறிந்த கதை முழுவதையும் ஒப்புவித்தேன்.

"எல்லாம் அம்மாட பிழைதான். இவ்வளவு நாளும் உங்களுக்கும் சேத்து உலை வெச்சிருக்கா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "போனை அம்மாட்டக் குடு" என்றார். கொடுத்தேன். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, நான் போனைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தேன்.