ராட்டினத்துக்கு வருஷக் குத்தகை

என் அப்பாவும் என் தங்கையும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் மூட்டுவலி அவளுக்குத் தெரியும், அவள் வீட்டில் மிக்ஸி ரிப்பேரானது அவருக்குத் தெரியும். நடுவில் நான் இருந்தேன். தபால்பெட்டிக்காவது லீவு நாள் உண்டு, எனக்கு அதுவும் கிடையாது.

தங்கை படவேட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன் ஒருவனை விரும்பி, பதிவு ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு மெட்ராஸ் பக்கம் போய்விட்டாள். அப்பாவுக்குப் பையன் மேல் பெரிய கோபம் இல்லை. சாமி வேறு என்பதைக்கூட இரண்டு மாதத்தில் விழுங்கிவிட்டார். அவர் தொண்டையில் நின்றது ஒன்றுதான்: "வெத்தல மாத்தலியே." எங்கள் மலையில் வெற்றிலை பாக்கு கை மாறினால்தான் எதுவும் முடிந்ததாக அர்த்தம். கல்யாணம் ஆனாலும் சரி, மாடு விற்றாலும் சரி, புளியமரத்தைக் குத்தகைக்கு விட்டாலும் சரி. கையெழுத்து, சாட்சி எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத கீழ்நாட்டு ஜனங்களுக்கு என்பார். அவரைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணப் பேச்சு பாதியில் நிற்கிறது. பேச்சு முடியாத இடத்துக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று கேட்பார். மூன்று வருஷமாக இதையே சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. எனக்கு வாரம் ஒருமுறை வந்தது.

தங்கைக்கு ஒரு தீம் பார்க்கில் டிக்கெட் கவுண்டரில் வேலை. சனி ஞாயிறில் அவளுக்குத் தலை தூக்க நேரமிருக்காது. செவ்வாய்க்கிழமை லீவு, அன்றைக்குத்தான் போன் செய்வாள். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரில் போனில் சிக்னல் கிடைப்பது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மட்டும்தான். அப்பா செவ்வாய்க்கிழமைகளில் சரியாக அங்கேதான் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுப்பார். கேட்டால் அங்கே காற்று வருகிறது என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் குரலே சரியில்லை.

"அக்கா, ஆளுக்கு வருஷ பாஸ் பத்து விக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் எட்டு வித்துட்டேன். மாசம் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு விக்கலன்னா கவுண்டர்லேர்ந்து தூக்கி தண்ணி சறுக்குல விசில் ஊத போட்ருவாங்க. பகல் பூரா முட்டி மட்டும் தண்ணியில நிக்கணும்கா."

நான் அவளை நன்றாகத் திட்டினேன். மலையிலிருந்து இறங்கி அந்தப் பார்க்குக்குப் போய்ச் சேரவே அரை நாள் ஆகும். வருஷத்துக்கு ஒருமுறை செங்கம் சந்தைக்குப் போய் வந்தாலே எனக்கு மூன்று நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் பாஸ் வாங்கி என்ன செய்வது? நான் வேலை பார்க்கும் பால்வாடியில் குழந்தைகளுக்கு விசிறியாக வீசுவதா?

"இன்னாவாம்?" என்றார் அப்பா. என்னைப் பார்த்துக்கூட இல்லை, புளியைப் பார்த்து.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவள் சொல்வது அவருக்குக் கேட்கும், அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும். ஆனாலும் இருவரும் என்னிடம்தான் சொல்வார்கள். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

"அங்க இன்னா கீதுன்னு கேளு."

"நாப்பது ரைடு இருக்குதுன்னு சொல்லுக்கா."

அப்பா கையிலிருந்த புளியை வைத்துவிட்டார். எங்கள் மலையில் ரைடு என்றால் ஒரே அர்த்தம்தான்: கீழேயிருந்து ஜீப்பில் ஆட்கள் ஏறி வந்து சாராயப் பானை இருக்கிறதா என்று வீடு வீடாகத் தேடுவது.

"நாப்பது ரைடா? ஒரு வருஷத்துலயா?"

"ஒரே நாள்ல நாப்பதுக்கும் போலாம்னு சொல்லுக்கா."

"துட்டு குடுத்து ரைடு வுட்டுக்கிறாங்களா ஜனங்க? இன்னாடி ஊரு அது?"

இதைத் தெளிவுபடுத்த எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ராட்டினம், சறுக்கு, தலைகீழாகச் சுற்றுவது என்று கையால் காட்டிக் காட்டி என் தோள்பட்டை வலித்தது. கடைசியில் பாஸ் என்றால் என்ன என்று கேட்டார். ஒரே தடவை பணம் கட்டினால் போதும், வருஷம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் அனுபவித்துக்கொள்ளலாம் என்றேன்.

"அப்ப குத்தகைன்னு சொல்லேன். அத்த வுட்டுட்டு பாஸு, பீஸுன்ற."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் அப்பா நாற்பது வருஷமாகப் புளியமரம் குத்தகை எடுப்பவர். பிஞ்சு விட்டிருக்கும்போதே மரத்தைச் சுற்றி வந்து, இரண்டு தட்டுத் தட்டி, அண்ணாந்து பார்த்து, இத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவார். அவர் கணக்கு தப்பியதே இல்லை. மகளைப் பார்க்கப் போக வழி தெரியாத மனுஷனுக்குக் குத்தகை என்றால் எல்லா வழியும் தெரியும்.

"காவல் யாருதுன்னு கேளு. நாம ஆள் போடணுமா?"

"அதெல்லாம் செக்யூரிட்டி இருக்காங்கன்னு சொல்லுக்கா."

"குரங்கு வருமா?"

"குரங்கு பொம்மைதான் இருக்குதுன்னு சொல்லுக்கா."

"பொம்மன்னா காய் திங்காது" என்று தலையாட்டினார். "எத்தினி தடவ போனா கட்டும்?"

"நாலு தடவ வந்தா போட்டது வந்துரும்னு சொல்லுக்கா."

நான் ஜீப், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கட்டவே கட்டாது. நாற்பது தடவை போனாலும் கட்டாது. அதை வாய்விட்டும் சொன்னேன். அப்பா என்னை, கணக்கில் தேறாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மரத்தப் பாக்காம கட்டாதுன்னு எப்படி சொல்ற? போய்ப் பாக்கலாம். பாத்துட்டு அப்படியே திரும்பிடணும். யார் வூட்டுக்கும் நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

தங்கை மெதுவாக, "எப்ப வர்றாருன்னு கேளுக்கா" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் எந்தக் கணக்கும் பேசவில்லை.

அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, கையில் துறட்டியோடு வந்து நின்றார். புளி உலுக்கும் துறட்டி, இரண்டு ஆள் நீளம். எதற்கு என்றேன். கிளை எட்டலன்னா என்றார். பத்து நிமிஷம் சண்டை போட்டு அதைத் திரும்பச் சாய்த்து வைக்க வைத்தேன். மடியில் வேறு ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஜீப்பில் பதினாறு பேர். வளைவுக்கு வளைவு நான் ஒரு மூலைக்கும் அப்பா ஒரு மூலைக்கும் போய் வந்தோம். செங்கத்தில் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். அங்கே பஸ், திருவண்ணாமலையில் மாறி இன்னொரு பஸ். பார்க் வாசலில் போய் நின்றபோது மதியமாகிவிட்டது. மதிலுக்கு மேலே ஏதோ ஒன்று ஜனங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தது, அவர்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஜீப்புல இத்த சொம்மாவே குடுக்கறாங்களே" என்றார் அப்பா.

வாசல் செக்யூரிட்டியிடம் உள்ளே போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறோம் என்றார். டிக்கெட் கேட்டார்கள். எடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணத்தானே பார்க்க வேண்டும் என்றார் இவர். அதற்கும் டிக்கெட் வேண்டும் என்றார்கள். பார்க்காமல் மரத்தை எவன் எடுப்பான் என்று இவர். எந்த மரம் என்று அவர்கள். நான் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அவர் விடவில்லை. மதிலைச் சுற்றி வெளியே நடந்தார். வேகாத வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தார். ஒவ்வொரு இடத்திலும் அண்ணாந்து பார்த்து விரலை மடக்கினார். வாசல் வளைவுக்கு வந்து அதன் தூணை இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். நான் அவர் மகள் இல்லை என்பதுபோல் பத்தடி தள்ளி நின்றேன்.

பிறகு கவுண்டருக்குப் போனோம்.

கண்ணாடிக்குப் பின்னால் தங்கை நீலச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கண் விரிந்தது, உடனே அடக்கிக்கொண்டாள்.

"வணக்கம் சார். உங்களை அன்புடன் வரவேற்கிறோம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார். "மேடம், இந்த வருஷக் குத்தக பத்திக் கேக்கலாம்னு வந்தோங்க."

மூன்று வருஷம் கழித்து மகளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை மேடம். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"கேளுங்க சார்."

"மழ காலத்துல இன்னா ஆவும்?"

"உயரமான ரைடு மட்டும் நிறுத்தி வைப்போம் சார்."

"நடுவுல இதே மரத்த வேற யாருக்காவது குடுப்பீங்களா?"

"எத்தனை பேர் கேட்டாலும் குடுப்போம் சார்."

அப்பா ஆடிப்போய்விட்டார். ஒரே மரத்தை ஊருக்கெல்லாம் குத்தகை விடுவதை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "இது நாயமா மேடம்?"

"இதுதான் எங்க விதிமுறை சார்."

"சரி. எனக்கு வர முடியல, ஒடம்பு சரியில்லன்னு வைங்க. எனக்குப் பதிலா இந்த அம்மா வரலாமா?" என்று என்னைக் காட்டினார். நான் அந்த அம்மாவாகிவிட்டேன்.

"இல்ல சார். யார் பேர்ல எடுக்கறீங்களோ அவங்கதான் வரணும்." அவள் குரல் அங்கே கொஞ்சம் தடுக்கியது. "நீங்களேதான் நேர்ல வரணும் சார்."

"கண்டிப்பா நேர்லயா?"

"கண்டிப்பா நேர்ல சார். நாலு தடவைக்கு மேல எத்தனை தடவ வந்தாலும் உங்களுக்கு லாபம்தான் சார்."

அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ரெண்டா போடுங்க" என்றார்.

இரண்டாவது யாருக்கு என்று என்னை யாரும் கேட்கவில்லை. கவுண்டர் மேல் ஒரு கம்பியில் சின்னக் கேமரா இருந்தது. கேமராவைப் பாருங்க சார் என்று அவள் நாலு தடவை சொன்னாள். அவர் நாலு தடவையும் அவளையே பார்த்தார். கடைசியில் அப்படியே எடுத்துவிட்டாள். அந்தப் பாஸில் இன்றைக்கும் அவர் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பணம் கொடுக்கும்போதுதான் மடியை அவிழ்த்தார். நோட்டுகளை எண்ணி, அதன் மேல் ஐந்து வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு வைத்து, இரண்டு கையாலும் கண்ணாடிக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார். வெற்றிலை வழியிலேயே கொஞ்சம் வாடியிருந்தது. அவள் பணத்தைத் தொடவில்லை. இரண்டு கையையும் வெற்றிலை மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "இது என்னம்மா? வெளியிலேர்ந்து திங்கிற பொருள் எதுவும் உள்ள வாங்கக்கூடாதுன்னு தெரியாதா?"

"இது திங்கிறதுக்கு இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

"என் கல்யாணத்துக்கு சார்" என்றாள். "இவரு எங்க அப்பா."

வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் கண் மறைத்தது, துடைக்கக்கூட இல்லை. சூப்பர்வைசர் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ரசீது குடுங்க மேடம். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அன்றைக்கு அவர் எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. கவுண்டருக்குப் பின்பக்கம் இருந்த ஒரு சிமெண்ட் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அவள் சாப்பிட வந்தபோது டிபன் பாக்ஸைப் பிடுங்கி, குழம்பில் புளி பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே பாதியைச் சாப்பிட்டார். கடைசி பஸ் போய்விட்டது என்று நான் பொய் சொன்னேன். எத்தனை மணிக்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குத்தான் போனோம்.

பாஸ் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. போன வாரம் ஆறாவது தடவையாகக் கிளம்பியபோது, நாலு தடவையிலேயே போட்டது வந்துவிட்டதே, இனிமேல் எதற்கு இந்த அலைச்சல் என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் பையில் ஒரு படி சாமையும் இரண்டு உருண்டை புளியும் வைத்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல இன்னும் காய் கீதே" என்றார்.