போர்வைக்குப் பின்னால் டல்சி

என் அம்மா டல்சி வாயைத் திறந்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து உட்காரும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். சாப்பாட்டுக்கு மணி அடித்ததே கிடையாது, அவள் ஒரு சத்தம் போட்டால் போதும். ஹெட்மாஸ்டர், நர்ஸ், போலீஸ்காரர் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. ஒரே ஒருவரிடம்தான் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது என் புருஷன் கிளிஃப்டன்.

சண்டையா என்று கேட்காதீர்கள். எங்கள் பாலைவனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது. அதுதான் மரியாதை. கடைக்குள் அம்மா இருந்தால், அவள் வெளியே வரும்வரை கிளிஃப்டன் வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஐஸ்கிரீம் வாங்கிய கையோடு மாட்டிக்கொண்டால் அது முழங்கைவரை வழியும், மனுஷன் திரும்பமாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான். பதினெட்டு வருஷமாகச் சம்பளமில்லாத உத்தியோகம்.

அம்மாவின் உயிரெல்லாம் ஃபுட்பாலில். நீள்வட்டப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஆடுகிற எங்கள் ஃபுட்பால். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகள் ஆட மைதானத்தைக் கேட்டபோது ஆண்கள் சிரித்தார்கள். அம்மா ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்தின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு சுட்ட கங்காரு வால். அதைத் தின்று முடிக்கும்வரை அன்று ஆண்கள் ஆட்டம் தொடங்கவே இல்லை. அப்படிப் பிறந்ததுதான் எங்கள் 'சிட்டுகள்' அணி. சிவப்புச் சட்டை, குறுக்கே மஞ்சள் பட்டை. முதல் செட் அவள் கையால் தைத்தது, இன்றுவரை அவள்தான் துவைக்கிறாள்.

இந்த வருஷம்தான் சிட்டுகள் முதல்முறையாக ஃபைனலுக்கு வந்தது. என் மகள் லேட்டிஷாவும் ஆடுகிறாள். ஆட்டம் இருநூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளி, மணல்மேடுகளுக்கு அப்பால் இருக்கிற ஊரில், மதியம் ஒரு மணிக்கு. அவளோடு ஊரே முந்தின நாள் கிளம்பிவிட்டது. நாங்கள் மட்டும் பின்தங்கினோம். கொடியில் காய்ந்த சட்டைகள்மேல் புழுதிக்காற்று அடித்துவிட்டது. "அழுக்குச் சட்டையோட என் பொண்ணுங்க ஃபைனல் ஆடுறதா? செத்தாலும் நடக்காது!" என்று அம்மா எல்லாவற்றையும் திரும்பத் துவைத்தாள்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் கிளிஃப்டனும் நானும். நடுவில் கூரையிலிருந்து தொங்குகிற நீலப் போர்வை. பின்னால் அம்மா, சட்டைகளை அடைத்த பை, பிஸ்கட் என்கிற எங்கள் நாய். பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைக் கிளிஃப்டன் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். செம்மண் பாதை வண்டியைக் குலுக்கிய குலுக்கலில் பல்லெல்லாம் ஆடியது. ஆனாலும் போர்வைக்குப் பின்னாலிருந்து பேச்சு நிற்கவில்லை.

"ரோனெல், அந்த மனுஷன்கிட்ட சொல்லு, இது வண்டியா இல்ல ஒட்டகமான்னு."

"உன் வேலைய பாத்துட்டு வாம்மா."

கிளிஃப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்தான்.

பத்து மணிக்கு, காற்றாடியும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற கிணற்றடியில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். "இனிமே நான் அம்மாகூடப் பின்னாடி உக்காந்துக்கறேன், முதுகு போச்சு" என்று கிளிஃப்டனிடம் சொன்னேன். அப்போது பார்த்து என் கண்ணில் ஓர் உடும்பின் தடம் பட்டது. புத்தம்புதுத் தடம்! எந்த மகராசியால் சும்மா இருக்க முடியும்? கடப்பாரையை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். அம்மா பின்கதவைச் சாத்திய சத்தம் கேட்டது, நான் பின்னால் ஏறிவிட்டேன் என்று கிளிஃப்டன் நினைத்தான். எட்டிப் பார்க்கவா முடியும்? மாமியார் இருக்கிற இடம். எஞ்சின் உறுமியது, நான் முன்னால்தான் இருக்கிறேன் என்று அம்மா நினைத்தாள். வண்டி போய்விட்டது.

அம்மா போர்வையைப் பார்த்து என்னோடு பேசிக்கொண்டே போயிருக்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கிற என்னிடம்தான் பேசுகிறாள் என்று இவன் நினைத்திருக்கிறான். பதில் இல்லை. "என்னடி, வாயில கொழுக்கட்டையா? பெத்தவ பேசறேன், ஊமைக்கோட்டான் மாதிரி வர்ற?" என்று நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு எனக்குத் திட்டு. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துப் போர்வையோர இடுக்கு வழியாக என் தலை இருக்கும் பக்கமாக வீசினாள்.

பழம் காலி இருக்கையில் விழுந்து உருண்டது. கிளிஃப்டன் அதைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான்.

ஐயோ, அந்த வெட்கத்தை எப்படிச் சொல்ல! மாமியாரும் மருமகனும் தனியாக ஒரே வண்டியில்! அவன் இந்தப்பக்கக் கதவால் குதித்து ஓடி ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அம்மா அந்தப்பக்கம் இறங்கி ஒரு புதருக்குப் பின்னால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். நடுவில் பிஸ்கட், இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. மணி பதினொன்று. அங்கே ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டால் ஃபைனல் போச்சு.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டேய் பிஸ்கட், அந்த மனுஷன்கிட்ட சொல்லு. வண்டி மைதானத்துக்குப் போகட்டும். அவ கையில கடப்பாரை இருக்கு, தீப்பெட்டி இருக்கு, தொட்டி நெறைய தண்ணி இருக்கு. நான் பெத்தவ, நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வந்தாலும் கொழுத்துதான் இருப்பா. அங்க பொண்ணுங்க சட்டை இல்லாம நிக்குதுங்க."

கிளிஃப்டன் அம்மாவின் சொல்லை ஒருநாளும் தட்டியவன் இல்லை. விறகு என்றால் விறகு, இறைச்சி என்றால் இறைச்சி, நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் இருக்கும்.

"பிஸ்கட், அவங்ககிட்ட சொல்லு," என்றான் மரத்தைப் பார்த்து. "பொண்டாட்டிய கிணத்தடியில விட்டுட்டுப் பந்தாட்டம் பாக்கப் போற ஆளு நான் இல்ல."

"ஃபைனல்டா பிஸ்கட்! பதினோரு வருஷம்டா!"

"தெரியும்னு சொல்லு. வண்டி திரும்புது. ஏறிக்கச் சொல்லு."

நாயோடு எவ்வளவு நேரம்தான் வாதாட முடியும்? அம்மா ஏறிப் போர்வைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச்சில்லாத டல்சி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்களா? உடும்பைச் சுட்டுத் தின்றுகொண்டே இரண்டு பேரையும் வாயாரத் திட்டிக்கொண்டிருந்தேன். வண்டி வந்ததும் கிளிஃப்டன் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், எண்ணத் தெரியாதா உனக்கு? இருக்கறதே மூணு பேரு!" என்று கத்தினேன். அப்புறம் உடும்பின் வாலை அவன் கையில் திணித்தேன். அதற்குமேல் திட்ட மனசு வரவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டத்தின் நாலு பகுதியில் மூன்றாவது முடிந்திருந்தது. சிட்டுகள் எதிரணியின் பழைய பச்சைச் சட்டைகளை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு இருபது புள்ளி பின்னால் நின்றார்கள். அம்மா வண்டி நிற்பதற்குள் இறங்கிப் பையோடு மைதானத்துக்குள் ஓடினாள். வட்டமாக நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. அவள் நம்பர் நம்பராகக் கூப்பிட, பிள்ளைகள் பச்சையைக் கழற்றி எறிந்து சிவப்பை மாட்டிக்கொண்டார்கள். அம்பயர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஊதுகிற தைரியம் அவருக்கு இல்லை.

அதற்கப்புறம் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே! "லேட்டிஷா, காலு எதுக்குடி இருக்கு, கொலுசு போடவா? ஓடு!" பிள்ளைகள் பிசாசு பிடித்தமாதிரி ஆடினார்கள். கோலுக்கு ஆறு புள்ளி. ஒரு கோல், இன்னொரு கோல், லேட்டிஷாவுடையது மூன்றாவது. ஆட்டம் முடிந்து மணி அடித்தபோது இரண்டே இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிப்பிடித்து, எதிரணிப் பிள்ளைகளையும் கட்டிப்பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். நான் வண்டிமேல் சாய்ந்து நின்றேன். வண்டிக்கு அந்தப்பக்கம் கிளிஃப்டன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. ஒரு கிழவியின் பதினோரு வருஷக் கனவைக் கெடுத்தவன் மாதிரி குறுகிப்போயிருந்தான்.

அம்மா என் எதிரே நின்றாள். மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ரோனெல், அந்த மனுஷன்கிட்ட சொல்லு. கோப்பை அடுத்த வருஷமும் வைப்பாங்க. இன்னிக்கு மட்டும் அவன் என் பேச்சைக் கேட்டிருந்தான்னா, உன்னைக் கையப் பிடிச்சு என் வீட்டுக்கே திரும்பக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. தொப்பிக்குக் கீழே கிளிஃப்டனின் தோள்கள் குலுங்கின. பதினெட்டு வருஷத்தில் முதல்தடவையாக, என் அம்மாவின் காதில் விழும்படி, அவன் வாய்விட்டுச் சிரித்தான்.