அத்தான் சொல்லும் ஸ்கிராட்ச்

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள் நான். ‘ஸ்கிராட்ச்’ என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் பலகையில் எழுதிப் போடுவேன்: கீறல். மேல்தோலோடு நின்றுவிடும் காயம். ரத்தம் எட்டிப் பார்க்கலாம், வெளியே வந்து உட்காரக்கூடாது. பூனை செய்தால் அது வினைச்சொல், கையில் கிடந்தால் பெயர்ச்சொல். இவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கீழ்த்தளத்தில் என் அக்கா புருஷன் அந்தச் சொல்லை ஒரு வழி பண்ணிக்கொண்டிருப்பார்.

அத்தான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கலர்க்காரர் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். நசுங்கிய கதவைத் தட்டி நேராக்கப் பலர் இருக்கிறார்கள். பழைய பெயின்டுக்குப் பக்கத்தில் புதுப் பெயின்ட் அடித்து, எது பழசு எது புதுசு என்று வண்டிக்காரரே தேடும்படி செய்ய இவர் ஒருத்தர்தான். அதிலும் வெள்ளை இருக்கிறதே, அது மகா மோசம் என்பார். ஒரு வெள்ளைக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கும், இன்னொன்றுக்குள் நீலம். டப்பாவில் கம்பெனி போட்ட நம்பர் இருந்தாலும், பல வருஷம் வெயிலில் நின்ற வண்டி அந்த நம்பருக்குக் கட்டுப்படாது. துளித்துளியாகக் கலந்து, ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கதவோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் அவர் வாயிலிருந்து ‘ஸ்கிராட்ச்’ வந்தால் அதற்கு மறுபேச்சு கிடையாது. கதவில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று சிலர் இழவு வீட்டு முகத்தோடு வந்து நிற்பார்கள். அவர் கோட்டின் மேல் தண்ணீர் தடவுவார். கோடு மறைந்தால், “ஸ்கிராட்ச்தான் சார். பாலிஷ் போட்டா போயிடும். இதுக்குப் போய் பெயின்டா?” என்று அனுப்பிவிடுவார். மறையாவிட்டால், “இது ஸ்கிராட்ச் இல்ல, உள்ள வரைக்கும் இறங்கியிருக்கு” என்பார், முகத்துக்கு நேராகவே. மற்ற ஷெட்டுகளில் கோட்டைக் காட்டினால் கதவு முழுக்கப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஆகவே ஆட்கள் இவரைத் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதே வாய் கூசாமல் புளுகும். ஜாக்கி நழுவிக் கால் கட்டைவிரல் உடைந்தது. மாவுக்கட்டோடு நொண்டிக்கொண்டே உள்ளே வந்து “ஸ்கிராட்ச்” என்றார். பெயின்டில் கலக்கும் தின்னர் தீப்பற்றி முன்கை வெந்துபோனபோதும் ஸ்கிராட்ச். குடல்வால் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அக்காவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். என்னால் பொறுக்க முடியவில்லை.

“அத்தான், வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்காங்க. இதுக்குப் பேரு ஸ்கிராட்ச் இல்ல.”

“டீச்சரம்மா, நீ சொல்றது புஸ்தகத்து ஸ்கிராட்ச். அத வச்சு என்ன பண்றது? உங்க அக்கா மூஞ்சியப் பாரு, இப்பதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கா.”

விஷயம் அதுதான். கல்யாணமான புதிதில், தகடு கிழித்த கையோடு இவர் வந்து நிற்க, ரத்தத்தைப் பார்த்த அக்கா வாசல்படியிலேயே மயங்கி விழுந்தாள். யாரை யார் தூக்குவது என்று தெரியாத கூத்து. அன்றிலிருந்து எந்தக் காயமானாலும் அந்த ஒரே சொல்லுக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறுவார். நான் அவரைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்கிற இந்த மனுஷன்மேல் எனக்கு இருக்கும் மரியாதை வேறு யார்மேலும் இல்லை.

சென்ற வருஷம் ஒரு பழைய வண்டியின் துருவை மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டை அறுந்திருந்தது. கொஞ்ச வேலைதானே என்று வெறுங்கண்ணோடு குனிந்தார். வலது கண்ணுக்குள் ஏதோ பாய்ந்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போலச் சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்காமல் செருப்பை மாட்டினாள். நானும் கூடப் போனேன்.

கண் டாக்டர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. மரத்துப்போக ஒரு சொட்டு விட்டார். பிறகு மஞ்சள் மருந்து ஒன்றை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து, ஊசி முனையால் இரும்புத் தூளை எடுத்தார்.

“கருவிழி மேல சின்ன ஸ்கிராட்ச். ஆழமா இல்ல. மருந்து போடுங்க, தானா ஆறிடும்.”

சரி, இன்றைக்குத்தான் இந்த வார்த்தை இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, இனி அத்தானைக் கையில் பிடிக்க முடியாது என்று திரும்பிப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தார்.

“நிஜமாவே ஸ்கிராட்ச்தானா டாக்டர்?”

“ஆமா.”

“இவங்க பயப்படுவாங்கன்னு சொல்றீங்களா?” என்று அக்காவைக் காட்டினார். “இவங்கள வேணா வெளிய உக்கார வைக்கிறேன். எங்கிட்ட மறைக்காதீங்க. நான் கலர் பாக்குற ஆளு. எனக்கு இந்தக் கண்ணுதான் வேலை.”

டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் அதையே சொன்னார். அவர் சிரிக்கச் சிரிக்க இவர் அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்தார்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ஜன்னல் திரையைப் பார்ப்பார், பிறகு மாற்றிப் பார்ப்பார். களிம்பு போட்டால் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவர் நம்பவே இல்லை. சாப்பாட்டைத் தொடவில்லை.

நான் என் பங்குக்குப் பாடம் எடுத்தேன். “அத்தான், அந்த வார்த்தைக்கு அர்த்தமே மேலோட்டமான காயம்னுதான்.”

“அர்த்தம் எனக்குத் தெரியும்மா. அத நான் எப்படியெல்லாம் சொல்லியிருக்கேன்னும் எனக்குத் தெரியுமே. விரல் உடைஞ்சப்ப, டாக்டர் சிரிச்ச அதே சிரிப்போடதான் சொன்னேன். அவரும் இவளுக்காக அப்படித்தான் சொல்றாரு.”

ஒரே சொல்லை வைத்து இத்தனை வருஷம் எங்களையெல்லாம் தேற்றியவரை, அவருடைய முறை வந்தபோது தேற்றுவதற்கு எங்களிடம் வேறு சொல் இல்லை.

அக்கா சொட்டு மருந்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மயங்கி விழுகிற எங்கள் அக்காதான்.

“நீங்க ஸ்கிராட்ச்னு சொன்னத ஒரு தடவகூட நான் நம்பினதில்ல.”

அத்தான் நிமிர்ந்தார்.

“விரல் உடைஞ்சத எக்ஸ்ரேயிலயே பாத்தேன். கை வெந்தப்ப நீங்க தூக்கத்துல முனகினது என் காதுலதான் விழுந்துச்சு. ஒரு தடவ மயக்கம் போட்டேன், அதுக்காக இத்தன வருஷம் நாடகமா?”

“அப்ப நம்பின மாதிரி ஏன் இருந்த?”

“அவ்வளவு கஷ்டப்பட்டு நின்னு சொல்றீங்களே. நம்பலன்னா பாவமா இருக்காதா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா சிரிக்கவில்லை.

“டாக்டர் உங்கள மாதிரி இல்ல. மருந்து வாங்க உங்கள அனுப்பிட்டு அவர நான் தனியாக் கேட்டேன். எதுவா இருந்தாலும் தாங்குவேன், சொல்லுங்கன்னேன். எங்கிட்டயும் அதேதான் சொன்னாரு. இது நீங்க வீட்டுல சொல்ற ஸ்கிராட்ச் இல்ல. ஷெட்ல கஸ்டமர்கிட்ட சொல்ற ஸ்கிராட்ச்.”

அத்தான் கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். பிறகு சின்னக் குரலில், “வலி உயிர் போகுது” என்றார்.

“சொல்லுங்க” என்றாள் அக்கா.

அவ்வளவுதான், மடை திறந்தது. கண்ணுக்குள் மணல் கொட்டிய மாதிரி இருக்கிறதாம். வெளிச்சம் குத்துகிறதாம். சொட்டு எரிகிறதாம். போகிற போக்கில் கால் விரல் இன்றைக்கும் குளிரில் குடைகிறது என்றும் ஒரு புகார் வந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே சொட்டு விட்டாள். ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை.

சில நாள் கழித்து, கண் தெளிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும் அத்தான் முழுசாக நம்பவில்லை. தானே பார்த்துவிடுவதென்று ஷெட்டுக்குப் போனார். அன்றைக்குப் பார்த்து வெள்ளைக் கார். நானும் அக்காவும் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா கையெல்லாம் சோப்பு நுரை, நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“கதவுல ஒட்டிப் பாத்துட்டேன்” என்றார் அத்தான். “வலது கண்ணால தனியா பாத்தேன், இடதுலயும் பாத்தேன். ரெண்டுலயும் ஒரே வெள்ளைதான். வண்டிக்காரரு எங்க அடிச்சீங்கன்னு கேக்குறாரு.”

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, அத்தனை பேர் நிற்கிற ஷெட்டில் நின்றுகொண்டு, “நான் ரொம்பப் பயந்துட்டேன்” என்றார்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க” என்றாள். “கேக்குறேன்.”