பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் படுத்த சம்பந்தி

கொள்ளேகால் நாச்சிமுத்து சம்பந்தி காலமான செய்தி வந்தபோது, நான் எங்கள் பேட்டை மண்டி மொஹல்லாவில் தையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பேன்ட்டைச் சின்னதாகத் தைத்துவிட்டார் என்பது என் வாதம். அவர் என் இடுப்பில் டேப்பைச் சுற்றி, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அளவைப் படித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கொள்ளேகால்லேருந்து ஃபோன் சார். உங்க சம்பந்தி போய்ட்டாராம். தூக்கத்திலேயே." குண்டூசி குத்திய பேன்ட்டோடு அப்படியே வீட்டுக்கு நடந்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் உறவுக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தவர், குரல் கொடுத்தால் தெருவே திரும்பும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவர் எனக்குச் சம்பந்தி ஆன கதை மட்டும் தெரிந்திருக்காது. எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் குடும்பம் வருவதற்கு முன் இரண்டு குடும்பங்கள் என் மகள் வசந்தாவைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனவை போனவைதான். "அப்பா, காபித் தட்டைத் தூக்கறது இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா இன்னொருத்தர் முன்னாடி நான் நிக்க மாட்டேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அம்மா மாதிரி. அதனால் கொள்ளேகாலிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர, காரைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

காரில் ஒரு குறை இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓட்டத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, இரண்டு முனையிலும் அதை மாற்றினேன். சத்தம் போகவில்லை. புதுசும் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டி, திரும்பவும் மாற்றினேன். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று மனைவி சொன்னாள். எனக்குத் தெரியாததா என்றேன்.

அன்று நாச்சிமுத்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் மனைவியும் மாப்பிள்ளைப் பையன் செல்வமும் பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் டக். பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை, மூன்றாவதும் போச்சு என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, ஜாக்கி இருக்குதுங்களா?"

"உள்ளே வாங்க, முதல்ல காபி..."

"காபி எங்கீங்க போயிருது? இந்தச் சத்தம் என்னைய உக்கார உடாதுங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஜாக்கியால் பின்பக்கத்தை உயர்த்தி, ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு மல்லாந்து அடியில் நுழைந்துவிட்டார். அவர் மனைவி தலையில் கை வைத்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துலயுமா? இந்த மனுசனைக் கட்டிக்கிட்டு..." என் மனைவி என் காதைக் கடித்தாள். "ராகுகாலம் வந்துடும். ஸ்வல்ப அவரை வெளியே எடுங்களேன்." எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "ஏனு சார், காடி கெட்டோய்தா?" என்று கன்னடத்தில் விசாரித்தார். வண்டி கெடவில்லை, சம்பந்தம் பேசுகிறோம் என்று நான் எப்படிச் சொல்வது?

அடியிலிருந்து குரல் வந்தது. "கிராஸ் ரெண்டும் கல்லாட்டம் இருக்குது. எந்த மகராசன் மாத்துனானோ!" அந்த மகராசன் குனிந்து ஜாக்கியைச் சரிபார்த்தேன். "ரெண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரிச்சுக் குடுக்கற டிஃப்ரன்ஷியல்லதான் ஆட்டம். ஒரு சக்கரத்தை மட்டும் புடிச்சா இன்னொண்ணு ஓடிரும். ரெண்டையும் அசையாமப் புடிக்கோணும். செல்வம், இந்தப் பக்கம் வா. அந்தப் பக்கம் யாராச்சும் வாங்க."

நான் நகர்வதற்குள், உள்ளே காத்துக் காத்துப் பொறுமை இழந்த வசந்தா காபித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். தட்டை என் கையில் திணித்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளைப் பையன். நடுவில் தரையோடு தரையாக அவன் அப்பா.

"கெட்டியாப் புடி அம்மணி. ஷாஃப்டைத் திருப்பறேன். கைக்கு அசைவு வருதா?"

"சத்தம் கேக்குது மாமா. கைக்கு ஒண்ணும் வரலையே!"

"எனக்கும் வரலீங்க" என்றான் செல்வம். அதைச் சொன்னது அப்பாவிடம் இல்லை. டிக்கிக்கு மேலாக எட்டி அவளைப் பார்த்து. காபித் தட்டோடு நின்ற எனக்கே அது புரிந்தது.

"அக்காங்! நான் இத்தனை திருப்பியும் உங்களுக்கு வரலீன்னா, அத்தனையும் உள்ள வெறும் ஆட்டம். ஆனா ஓட்டத்துல ஊளைச் சத்தம் இல்லை, அதனால கிரவுன் பினியன் பல்லு தப்பிச்சுது. சின்னப் பல்சக்கரத்துக்குப் பின்னால இருக்கற வாஷருதான் தேஞ்சிருக்கும்." வெளியே வந்தவருக்கு முதுகெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான் பையோடு வந்து பிரித்துப் பார்த்தார். வாஷர்தான்.

"சத்தம் வந்தா உடனே பொருளை மாத்தாதீங்க. மொதல்ல கையைக் குடுத்துப் பாருங்க" என்பார். எதையும் ஆட்டிப் பார்ப்பார். எங்கள் கட்டில் கிறீச்சிடுகிறது என்று ஒருநாள் கழற்றினார். மாட்டியபோது ஒரு போல்ட் மிச்சம். அன்று எல்லாருக்கும் பாய்தான். "முதுகுக்குத் தரைதானுங்க நல்லது" என்றார், கொஞ்சமும் அசராமல். பேரன் தொட்டிலையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டம் இருக்குதுங்களே" என்றார். "தொட்டில்னா ஆடாதா அண்ணா!" என்றாள் என் மனைவி. அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்துகொண்டது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வெட்கப்படாத குணம்தான். அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று பாதி ஆயுளை ஓட்டியவன் நான். நல்ல துணி உடுத்தி, புது இடத்தில், எல்லார் கண் முன்னாலும் மனம் நிறைந்து தரையில் படுக்க முடியும் என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது தெரியாததைத் தெரியாது என்கிறேன், மனைவிக்கே ஆச்சரியம்.

கொள்ளேகாலில் மாலையைப் போட்டுவிட்டு அவர் தலைமாட்டில் நின்றேன். வெற்றிலை மாற்றுவதற்கு முன் அடுக்களையில் வசந்தாவிடம் சம்மதம் கேட்டபோது அவள், "அந்த மாமா வீட்டுக்குன்னா போறேம்பா" என்றாள். பையன் எப்படி என்றேன். "நான் இன்னும் சரியாப் பார்க்கலையே" என்றாள். இதை அவரிடம் ஒருநாள் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஆசை. தலைமாட்டில் நின்றபோது வாய் வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். சொல்லவில்லை.